அந்த ஹெரால்டுக்கு நான்கு கதவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் கடைசிப் பக்கத்தில் பழைய கார்களின் அணிவகுப்புப் படம் ஒன்று வந்திருந்தது. இடது ஓரத்தில் வெளிர்நீல நிறத்தில் ஒரு ஹெரால்டு. அதன் கீழே, 'பழுதடைந்து கிடந்த இங்கிலாந்து நாட்டுக் காரை உரிமையாளரே மீட்டெடுத்துள்ளார்' என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த உரிமையாளர் நான்தான். என் தலையில் தொப்பி இருந்ததால் எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு அடையாளம் தெரியவில்லை, மற்ற எல்லோரும் போன் செய்துவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒரு வரியில் இரண்டு தப்பு இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், தப்பைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தப்பு, இங்கிலாந்து. படத்தை இன்னொரு முறை பாருங்கள். என் வண்டி பக்கவாட்டில் நிற்கிறது, பின் கதவின் கைப்பிடி நன்றாகவே தெரிகிறது. ட்ரையம்ப் ஹெரால்டு என்ற கார் இங்கிலாந்தில் 1959இல் வந்தது உண்மை. அதற்கு வடிவம் கொடுத்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர். ஆனால் அங்கே அது இரண்டு கதவு வண்டி. கூரையில்லாத மாடல் செய்தார்கள், எஸ்டேட் செய்தார்கள், சரக்கு வேன்கூடச் செய்தார்கள், நான்கு கதவு மட்டும் செய்யவே இல்லை. அதைச் செய்தது சென்னையில், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஃபேக்டரி. 1961இல் அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தொடங்கி, அறுபதுகளின் கடைசியில் மார்க் 3 என்று நான்கு கதவு வண்டியை இறக்கினார்கள். உலகத்தில் எந்த மூலையில் நான்கு கதவு ஹெரால்டு நின்றாலும் அது அந்த ஃபேக்டரி இருந்த ஜி.எஸ்.டி. ரோட்டில் பிறந்ததுதான். அம்பாசிடரை வங்காளத்து உத்தரபாராவும், பியட்டை பம்பாய் குர்லாவும் செய்துகொண்டிருந்த காலத்தில் மூன்றாவதாக நம் ஊரும் கார் செய்தது. இதை நம் ஊர்ப் பேப்பரே இங்கிலாந்துக்குத் தூக்கிக் கொடுத்தால் எப்படி?

என் வண்டி 1969ஆம் வருடத்தியது. கோபிச்செட்டிபாளையத்தில் டாக்டராக இருந்த என் தாய்மாமா புதிதாக வாங்கியது. 1994 வரை ஓட்டினார். அப்புறம் கண் பார்வை மங்கிவிட்டது, வண்டி மஞ்சள் குடோனில் போய் நின்றது. இருபத்தொரு வருடம். 2015இல் நான் போய்ப் பார்த்தபோது கூரைமேல் ஆறு மஞ்சள் மூட்டை, உள்ளே எலி வளை, நான்கு டயரும் தரையோடு ஒட்டிப்போயிருந்தன. "உனக்கு வேணும்னா எடுத்துட்டுப் போ கண்ணு, காயலான் கடைக்காரன் எட்டாயிரம் சொல்றான்" என்றார் அத்தை. டெம்போவில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவந்து போர்டிகோவில் இறக்கினேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "ஏனுங்க, நம்ம வண்டியை இனி எங்க நிறுத்துவீங்க?" எட்டு வருடம் எங்கள் மாருதி தெருவில்தான் நின்றது.

ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் வைத்து ஒரு பழைய காரைப் பிரித்துக் கோக்க ஆசைப்படுகிறவருக்கு ஹெரால்டைப்போல வாகான வண்டி வேறு கிடையாது. அதற்கு ஒரு கதை உண்டு. ஐம்பதுகளில் எல்லாக் கம்பெனியும் உடலும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்த வண்டிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டர்டு-ட்ரையம்புக்கு உடல் செய்து கொடுத்துவந்த பிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல், பழைய பாணியில் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம் போட்டு, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். அன்றைக்கு வேறு வழியில்லாமல் செய்தது, இன்றைக்கு எனக்கு வரம். கூரையைத் தனியாகக் கழற்றலாம். முன்பக்கம் பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முதலை வாய் திறப்பதுபோல முன்னால் சாய்ந்துவிடும், முன் டயர்மேல் உட்கார்ந்தபடியே இன்ஜின் வேலை பார்க்கலாம். எங்கள் தெருப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்கென்றே சாயங்காலம் வருவார்கள்.

இன்ஜின் 948 சி.சி., நான்கு சிலிண்டர். உள்ளே சுழலாமல் இறுகிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் டீசலும் சீமெண்ணெயும் கலந்து ஊற்றிப் பதினைந்து நாள் விட்டேன். பிறகு பின் சக்கரத்துக்குப் புது டயர் மாட்டி, டாப் கியரில் போட்டு, நானும் என் மகனும் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினோம். ஒன்றும் அசையவில்லை. மறுபடி டீசல், மறுபடி பத்து நாள். ஒரு ஞாயிறு காலை, வெந்நீர் போட்டுவிட்டு வருகிறேன் என்று அவன் உள்ளே போன நேரத்தில், சும்மா தோளைக் கொடுத்துத் தள்ளினேன். 'டக்' என்று ஒரு சத்தம், ஃபேன் கால் சுற்று திரும்பியது. அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் பாம்பு என்று நினைத்துத் தடியோடு வந்துவிட்டார்.

இனி இரண்டாவது தப்பு. 'உரிமையாளரே மீட்டெடுத்துள்ளார்.' நான் மீட்டெடுத்தது கால்வாசி இருக்கும். மீதி முக்கால்வாசிக்குச் சொந்தக்காரர்கள் படத்தில் இல்லை.

கோவையில் கணபதி என்ற பகுதியில் ஒரு லேத் பட்டறை. முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே. ஹெரால்டின் முன் சக்கரம் தாங்குவது ஒரு நெட்டுக் கம்பி. அதன் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும், அந்த மரை பித்தளையில் செய்த ஒரு கட்டைக்குள் திருகி நிற்கும். ட்ரனியன் என்பார்கள். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் கம்பி அதற்குள் மரையோடு மரை சுற்றும். இதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். இது எனக்கும் அப்போது தெரியாது. வழக்கமாகப் போகும் ஒரு ஒர்க்‌ஷாப்பில், "எல்லாத்துக்கும் அடிச்சாச்சு சார்" என்று நிறைவாக கிரீஸ் அடித்துக் கொடுத்தார்கள். கிரீஸ் உள்ளே மரை வரைக்கும் போகவில்லை, ஏற்கெனவே இருந்த தண்ணீரும் துருவும் உள்ளேயே தங்கிவிட்டன. 2021இல் ஒருநாள் சோதனை ஓட்டத்தில், வீட்டுக்கு நூறு அடி தள்ளி, மாட்டுக்குக் கால் மடங்குவதுபோல இடது முன் சக்கரம் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, வேகம் நடைவேகம்தான்.

உடைந்த கம்பியையும் பித்தளைக் கட்டையையும் எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போனேன். அவர் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது இடது மரை சார். அந்தப் பக்கத்ததையும் கொண்டாங்க" என்றார். இடது மரை என்றால் வழக்கத்துக்கு எதிர்த் திசையில் திருகுவது. வலப்பக்கத்தைக் கழற்றிக் கொண்டுபோனால் அது சாதாரண வலது மரை. இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை, வலப்பக்கத்துக்கு வலது மரை! ஒன்றைப் பார்த்து இரண்டாகச் செய்யச் சொல்லியிருந்தால் என் கதி என்ன? மரைக்கு அளவுகோல் வைத்து, அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணி, சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார். கம்பி சென்னைப் புதுப்பேட்டையின் பழைய வண்டிப் பாகக் கடைகளில் தேடிக் கிடைத்தது. கட்டை இரண்டையும் கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் அவர் கடைந்து கொடுத்தார். இன்றுவரை ஓடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் விடுகிறேன், கிரீஸ் கன்னைக் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வதில்லை.

உக்கடத்தில் ஒரு டிங்கர், எழுபது வயதுக்கு மேல். துருவேறிப்போன சேசிஸின் பக்கக் கைகளை வெட்டியெடுத்து, புதுத் தகடு மடித்துக் கேஸ் வெல்டிங்கில் ஒட்டினார். பட்டி பூசி மறைக்கலாமா என்று நான் ஒரே ஒருமுறை கேட்டேன். "பட்டி தோசைக்கல்லு ஓட்டையை அடைக்குமா?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. டவுன் ஹால் பக்கம் சீட் தைத்த அண்ணன் பழைய ரெக்சினின் தையல் கோட்டை எண்ணி அதே எண்ணிக்கையில் தைத்தார். வொயரிங் நான் செய்தது, ஆகையால் ஹார்ன் அடித்தால் சில நாள் இண்டிகேட்டரும் எரியும்.

ஸ்பேனர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும். இந்த வண்டிக்கு அங்குல அளவு. 7/16, 1/2, 9/16. மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்ட உட்காரும், அந்தக் 'கிட்டத்தட்ட'தான் நட்டின் முனையை வழித்துவிடும். என் மாமா காலத்திலேயே யாரோ வழித்துவைத்த நட்டுகளைக் கழற்ற மட்டும் எனக்கு ஒரு கோடை விடுமுறை போனது. ஓய்வு பெற்றவனுக்கு ஏது கோடை விடுமுறை என்று கேட்காதீர்கள், உடம்பு இன்னும் பள்ளிக்கூடக் காலண்டரில்தான் இருக்கிறது.

இப்போதைய பெட்ரோல் இன்னொரு தலைவலி. எத்தனால் 20 சதவீதம் கலந்ததுதான் பங்க்கில் கிடைக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் குழாயும் பம்பின் டயாப்ரமும் அதற்காகச் செய்தவை அல்ல, ஊறிப்போய் நைந்துவிடும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும், நிறுத்தியே வைத்தால் டேங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். நான் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டேன், நான்கு லிட்டருக்கு மேல் போடுவதில்லை. வருடம் முழுக்க நிறுத்திவைத்து அணிவகுப்புக்கு மட்டும் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

அரசாங்கமும் பழைய வண்டிக்கென்று 2021இல் ஒரு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருந்தால் 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 'வி.ஏ.' என்று தனி எண். ஏற்கெனவே எண் உள்ள வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இப்படிச் சில காரியத்துக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். நான் அதற்குப் போகவில்லை. சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டேன். அதன் கட்டணம் 2022 ஏப்ரலில் 600இலிருந்து 5,000 ஆனது வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்கு என் வண்டியில் போக வேண்டும் எனக்கு. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், ஆட்டோக்காரர்களே நின்று பார்ப்பார்கள்.

அந்த விதியில் 'மூல வடிவம்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது பாருங்கள், அங்கேதான் என் கடிதத்தின் உண்மையான விஷயம் வருகிறது. மூல வடிவம் எது என்று யாரைக் கேட்பது? என்னிடம் இருந்தது இங்கிலாந்தில் அச்சிட்ட ட்ரையம்ப் கையேட்டின் நகல். இன்ஜினுக்கு, கியர் பாக்ஸுக்கு, அந்த ட்ரனியனுக்கு (உடைந்த பிறகுதான் அந்தப் பக்கத்தைப் படித்தேன்) எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது. பின் கதவுக்கு மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? அவர்கள்தான் பின் கதவே செய்யவில்லையே! என் வண்டியில் பின் கதவு இரண்டும் மேலே இடித்தது, கீழே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. மூன்று மாதம் கீலோடு மல்லுக்கட்டினேன். முன் கதவைச் சரியாக வைப்பேன், பின் கதவு இடிக்கும். பின் கதவை நகர்த்தினால் பூட்டு விழாது.

2019இல் தாம்பரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு சாயங்காலம் பெருங்களத்தூர் வரை நடந்தேன். ஃபேக்டரி இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. டீக்கடை டீக்கடையாக, "ஸ்டாண்டர்டு கம்பெனியில வேலை பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். மூன்றாவது கடையில் ஒரு பெரியவரைக் காட்டினார்கள். பாடி செக்‌ஷனில் இருந்தவராம். நான் கதவு இடிப்பதைச் சொல்லி முடிப்பதற்குள், "முன் கதவை முதல்ல வச்சீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அதான். பின் கதவை முதல்ல பொருத்தணும். பின்னாடி மட்கார்டுக்கு அது நேரா வந்ததும், அதைப் பார்த்து முன் கதவு. முன் கதவைப் பார்த்து பானெட்டு. பின்னாலேருந்து முன்னால வரணும் வாத்தியாரே. கீலுக்குப் பின்னாடி தகடு வச்சோமே, அதைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

தூக்கித்தான் போட்டிருந்தேன். துருப்பிடித்த வெறும் வாஷர் என்று நினைத்தேன்.

அப்போது போனில் இருந்த ஒரு படத்தை அவருக்குக் காட்டினேன். இடது பின் கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றியபோது எடுத்தது. ரெக்சின் ஒட்டிய ஹார்ட்போர்டு அட்டை, பின்பக்கம் வெறும் பழுப்பு. அதில் தச்சர்கள் வைத்திருக்கும் தடித்த பென்சிலால் தமிழில் 'இடது பின்' என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்திருக்கிறது. 'ன்' மேல் புள்ளி இல்லை. ஐம்பது வருடம் கதவுக்குள் இருட்டில் இருந்ததால் பென்சில் கொஞ்சமும் மங்கவில்லை, விரல் வைத்தால் கரி ஒட்டியது. அட்டையை எனக்குத் தூக்கிப்போட மனம் வரவில்லை, ஓரம் நைந்திருந்ததைப் பசை போட்டு ஒட்டி அதையே மறுபடி மாட்டியிருக்கிறேன்.

இது யார் கையெழுத்து என்று கேட்டேன். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "யாருன்னு சொல்றது? எல்லாரும்தான் எழுதுவோம். இல்லேன்னா வலதையும் இடதையும் மாத்திப் பூட்டிடுவோம்" என்றார். டீ குடித்து முடித்தோம். காசு கொடுக்க விடவில்லை. கிளம்பும்போது கேட்டார், "மழை பெஞ்சா இப்பவும் உள்ள ஒழுகுதா?" ஒழுகுகிறது என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

ஊருக்கு வந்து குப்பைக் கூடையிலிருந்து அந்தத் தகடுகளைப் பொறுக்கி, பின்னாலிருந்து முன்னால் வந்தேன். ஒரே நாளில் நான்கு கதவும் உட்கார்ந்தன. சரி, மூன்றரைக் கதவு.

ஸ்டாண்டர்டு ஃபேக்டரியில் அப்புறம் கேசல் என்ற கார் செய்தார்கள், 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் செய்தார்கள், எண்பதுகளின் இறுதியோடு கார் வருவது நின்றுவிட்டது. அன்றைக்கு இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கே இன்றைக்கு அறுபது ஆகிறது. ஹெரால்டு காலத்து ஆட்கள் எல்லோரும் எண்பதை ஒட்டியவர்கள். உங்கள் பேப்பருக்குத் தாம்பரத்தில் நிருபர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும், தினமும் மழைநீர் வடிகால் செய்தி அனுப்புகிறார். அவரை ஒரு சாயங்காலம் அந்த டீக்கடைகள் பக்கம் அனுப்புங்கள். எந்தப் பகுதியில் என்ன செய்தார்கள், எந்த பாகம் எங்கிருந்து வந்தது, பின் கதவை யார் வரைந்தார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பத்துப் பேர் சொன்னதை அச்சில் போட்டால், பின் கதவு இடிக்கிற அடுத்த ஆளுக்கு அதுதான் கையேடு.

அந்த பென்சில் எழுத்தின் படத்தை இதோடு இணைத்திருக்கிறேன். திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் என்னையும் காரையும் மறுபடி போட வேண்டாம், இதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
கோவை.

பின்குறிப்பு: ஹெரால்டு மார்க் 3 வண்டியின் வலது பின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி எந்த வாசகரிடமாவது இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். இப்போது அந்த இடத்தில் ஒரு ஸ்பேனர் தொங்குகிறது. 1/2 அங்குலம்.